ஐயத்தை அளந்த கணக்கு

இயங்கலை வழியாகப் பட்டப்படிப்போ ஆசிரியர் பயிற்சியோ மேற்கொள்ளும் மாணவர்கள், புள்ளியியல் பாடத்தின் பிற்பகுதியில் ஒரு சொற்றொடரைச் சந்திக்கின்றனர். ‘இன்மைக் கருதுகோளை மறுப்பதற்குப் போதிய சான்று இல்லை’ என்பது அது. சராசரி, இடைநிலை, முகடு எனத் தெளிந்த நீரோடையாய் வந்த பாடம் இவ்விடத்தில் திடீரென்று கலங்கிவிடுகிறது. மறுக்க முடியவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகத்தானே பொருள் என்று மாணவன் எண்ணுகிறான். கணினித் திரை அவனுக்கு விடை கூறுவதில்லை. சரியான கட்டத்தைத் தெரிவு செய்தால் மதிப்பெண் தருகிறது. அடுத்த பாடத்திற்கு வழிவிடுகிறது.

இக்குழப்பம் மாணவனின் அறிவுக் குறைவால் எழுவதன்று. அவன் கையில் தரப்படும் விதிமுறை ஒருவர் மனத்தில் உருவாகி ஒருவரால் வகுக்கப்பட்டதன்று. வாழ்நாள் முழுவதும் தம்முள் பூசலிட்ட இரு தரப்பாரின் கொள்கைகளைப் பின்வந்த பாடநூலாசிரியர்கள் ஒன்றாகப் பிசைந்து உருட்டித் தந்தது அது. அந்தப் பூசலின் வரலாறு பாடநூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வரலாறு மறைக்கப்பட்ட விதி மாணவனுக்கு மந்திரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

கருதுகோள் சோதனையின் முதல் வித்தை ஊன்றியவர் ஒரு மருத்துவர். இங்கிலாந்தின் ஆன் அரசியாருக்கு மருத்துவம் பார்த்த ஜான் ஆர்பத்நாட், 1710ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். இலண்டன் மாநகரில் 1629 முதல் 1710 வரையிலான 82 ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளின் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். ஓர் ஆண்டு தவறாமல் ஆண் குழந்தைகளே மிகுந்திருந்தனர். ஆணோ பெண்ணோ பிறப்பது காசைச் சுண்டுவது போன்ற தற்செயல் எனின், ஓர் ஆண்டில் ஆண் குழந்தைகள் மிகுவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. 82 ஆண்டுகளும் தொடர்ந்து மிகுவதற்கான வாய்ப்போ, இரண்டை 82 முறை பெருக்கி வரும் எண்ணில் ஒன்று. அந்த எண் 25 இலக்கங்களைக் கொண்டது. ஆதலின் இது தற்செயலன்று, இறைவனின் திருவுளமே என்று ஆர்பத்நாட் முடிவு கட்டினார்.

கணக்கில் பிழையில்லை, வழுக்கல் முடிவில்தான் இருந்தது. சில ஆண்டுகளிலேயே நிக்கோலஸ் பெர்னூலி அதனைச் சுட்டிக் காட்டினார். 35 முகங்களுடைய ஒரு பகடையில் 18 முகங்களுக்கு ஆண் என்றும் 17 முகங்களுக்குப் பெண் என்றும் பெயரிட்டு உருட்டினால் இலண்டன் கணக்கைப் போன்றதே கிடைக்கும் என்றார் அவர். ‘சரிபாதி வாய்ப்பு’ என்னும் ஒரு கருத்து வீழ்ந்தது என்பது உண்மை. அது வீழ்ந்ததனாலேயே ஆய்வாளர் விரும்பிய வேறொரு கருத்து அரியணை ஏறிவிடாது. இன்றும் கல்லூரி ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே. அதற்கு வயது 300 ஆண்டுக்கு மேலாகிறது.

அதன்பின் இரு நூற்றாண்டுக் காலம் வானியலாரும் கணித வல்லுநரும் இத்துறையை அவ்வப்போது தொட்டுச் சென்றனர். 1900ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் கார்ல் பியர்சன், கண்டறிந்த எண்ணிக்கைகள் எதிர்பார்த்த எண்ணிக்கைகளோடு எந்த அளவு பொருந்துகின்றன என்பதை அளக்கும் கை வர்க்கச் சோதனையை வெளியிட்டார். இது பெருந்தொகையான தரவுகளைக் கையாள்வோருக்குக் கிடைத்த கருவி. ஆயிரக்கணக்கில் அளவெடுக்க வசதியில்லாதவன் என்ன செய்வது? அந்தக் கேள்வி பல்கலைக்கழகத்தில் எழவில்லை. ஒரு பீர் ஆலையில் எழுந்தது.

வில்லியம் சீலி காசெட் ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் பயின்றவர். 1899ஆம் ஆண்டில் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் ஆலையில் பணிக்குச் சேர்ந்தார். எந்த வாற்கோதுமை நல்ல விளைச்சல் தரும், எந்தச் சரக்கு தரத்தில் உயர்ந்தது என்பனவற்றை நான்கைந்து அளவீடுகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டிய நிலை அவருக்கு. 1906ஆம் ஆண்டில் விடுப்பில் இலண்டன் சென்று பியர்சனிடம் பயின்றார். ஆனால் பியர்சனின் கணக்கு பெரிய மாதிரிகளுக்கு உரியது. இவ்வளவு சிறிய மாதிரிகளை எடுப்போர் குறும்புக்கார பீர் வடிப்பாளர்களே என்று பியர்சன் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் கேலியும் செய்தார்.

காசெட் மனந்தளரவில்லை. குற்றவாளிகள் 3000 பேரின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் குறிக்கப்பட்ட ஒரு பட்டியல் முன்னரே அச்சாகியிருந்தது. அவ்வளவுகளை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதினார். அவற்றை நன்றாகக் கலைத்தார். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நான்கு நான்காகப் பிரித்து 750 சிறு மாதிரிகளை அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டு, தாம் கண்ட வாய்பாடு பொருந்துகிறதா என்று சோதித்தார். கணினி நொடியில் முடிக்கும் வேலையைக் கையாலேயே செய்தார் அவர். 1908ஆம் ஆண்டில் அக்கட்டுரை வெளிவந்தது. ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலையின் விதிகள் இடங்கொடுக்காமையால் ‘ஸ்டூடண்ட்’, அதாவது ‘மாணவன்’ என்னும் புனைபெயரை அவர் பூண்டார். இன்று மாணவர் அனைவரும் பயிலும் டீ சோதனையின் ஊற்று இதுவே. மாணவருக்கான கணக்கை மாணவன் என்ற பெயரிலேயே ஒருவர் தந்தது தற்செயலான பொருத்தந்தான் எனினும் இனிய பொருத்தம்.

காசெட்டின் வாய்பாட்டுக்கு முழுமையான கணித நிறுவல் இல்லாதிருந்தது. 1912ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து முன்பின் அறியாத 22 வயது இளைஞர் ஒருவர் அந்த நிறுவலை எழுதி அவருக்கு அஞ்சலில் அனுப்பினார். அவரே ரொனால்ட் பிஷர். கண்பார்வை குறைந்த பிஷர் இளமையிலேயே தாளின் துணையின்றி மனத்திற்குள் வடிவங்களை அமைத்துப் பார்க்கும் பழக்கமுடையவர். அவருடைய நிறுவலும் பல பரிமாண வடிவியலாக இருந்தது. 36 வயதான காசெட் அதனைப் படித்துவிட்டு, தமக்கு இது விளங்கவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிப் பியர்சனுக்கு அனுப்பி வைத்தார். தம்மினும் இளையவர் எழுதியது புரியவில்லை என்று சொல்ல அவர் நாணவில்லை. அவர்கள் இருவரிடையே கடிதத்தில் தொடங்கிய தொடர்பு, காசெட் 1937ஆம் ஆண்டில் மறையும்வரை நீடித்தது. அந்தக் கடிதங்களில் இருவரும் மாறிமாறி ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்தனர்.

இக்கலை தொலைவிலிருந்து கற்கப்பட்டதற்கு இதுவன்றி வேறு சான்றும் உண்டு. 1915ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்து வங்கத்திற்குத் திரும்பவிருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், புள்ளியியல் இதழான ‘பயோமெட்ரிகா’வின் தொகுதிகளைத் தற்செயலாகக் கண்டார். அவற்றை வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் பயின்ற அவருக்கு அக்கப்பற் பயணமே புள்ளியியல் வகுப்பாயிற்று. 1931ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார்.

நிற்க. பிஷர் 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் பணியேற்றார். 1843 முதல் அங்கே ஒரே வயலில் கோதுமை பயிரிட்டு, உரங்களின் பயனைக் குறித்து வைத்திருந்தனர். குவிந்து கிடந்த அந்தக் குறிப்பேடுகளுக்குப் பொருள் காண்பதே அவர் பணி. அவ்விடத்தில்தான் புகழ்பெற்ற அந்தத் தேநீர் நிகழ்ச்சி நடந்தது. பாசியினங்களை ஆராய்ந்து வந்த மியூரியல் பிரிஸ்டல் என்னும் பெண்மணிக்குப் பிஷர் ஒரு கோப்பைத் தேநீர் நீட்டினார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றிப் பின்னரே தேநீர் ஊற்ற வேண்டும், அதுவே தமக்குச் சுவை என்று கூறி அவர் அதனை மறுத்துவிட்டார். எது முதலில் ஊற்றப்பட்டால் என்ன, சுவையில் வேறுபாடு எப்படித் தெரியும் என்று பிஷர் கேட்டார். தெரியும் என்றார் அம்மையார். அப்படியானால் சோதித்துப் பார்க்கலாமே என்று அருகிலிருந்த வில்லியம் ரோச் கூறினார். அவர் பின்னாளில் அந்த அம்மையாரையே மணந்தார்.

1935ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் பிஷர் இதனைப் பாடமாக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். அவை குலுக்கல் முறையில் ஒழுங்கின்றி வரிசைப்படுத்தப்பட்டு அம்மையாரிடம் தரப்படும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்தெடுக்க வேண்டும். அவருக்கு அத்தகைய திறன் ஏதுமில்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். இதுவே இன்மைக் கருதுகோள். எட்டிலிருந்து நான்கைத் தெரிந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நான்கும் சரியாக அமைவதற்கு 70இல் ஒரு வாய்ப்பு உண்டு. அஃது ஏறத்தாழ 1.4 விழுக்காடு. நான்கும் சரியாக அமைந்துவிட்டால், ஒன்று மிக அரிய தற்செயல் நிகழ்ந்திருக்க வேண்டும். அன்றி, திறனில்லை என்ற கருத்து பிழையாக இருக்க வேண்டும்.

மூன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் அமைந்தால் என்ன? அதற்கு 16 வழிகள் உள்ளன. முழுவதும் சரியான ஒன்றையும் சேர்த்தால் 70இல் 17; அதாவது 24 விழுக்காடு. இத்துணை எளிதில் தற்செயலாக நிகழக்கூடிய ஒன்றைக் கொண்டு அம்மையாரின் திறனை நிலைநாட்ட இயலாது. அவருக்குத் திறனில்லை என்று நிலைநாட்டவும் இயலாது என்பதைத்தான் ஊன்றி நோக்க வேண்டும். அவருக்கு உண்மையிலேயே நாவன்மை இருந்து ஒரு கோப்பையில் மட்டும் தடுமாறியிருக்கலாம். எட்டுக் கோப்பை கொண்ட ஆய்வு அதனைக் கண்டுபிடிக்கப் போதாது. இன்மைக் கருதுகோளை வீழ்த்த இயலும், ஒருபோதும் மெய்ப்பிக்க இயலாது என்று பிஷர் எழுதியதன் பொருள் இதுவே. திரையின்முன் அமர்ந்திருக்கும் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இந்தத் தேநீர்க் கோப்பையில் இருக்கிறது. அம்மையார் எத்தனை கோப்பைகளைச் சரியாகச் சொன்னார் என்பதைப் பிஷர் அந்நூலில் குறிப்பிடவேயில்லை. ஆய்வை எப்படி அமைப்பது என்பதே அவர் கருதிய பாடம்.

ஐந்து விழுக்காடு என்னும் எல்லை வந்த வழியும் இத்தகையதே. 20இல் ஒரு வாய்ப்பை எல்லையாகக் கொள்வது வசதியானது என்று பிஷர் 1925, 1926ஆம் ஆண்டுகளில் எழுதினார். அஃது போதாது எனக் கருதுவோர் 50இல் ஒன்று, 100இல் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் உடன் எழுதினார். எல்லாக் காலத்தும் எல்லாச் சூழலிலும் ஒரே எல்லையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அறிவியலாளர் எவரும் இலர் என்று 1956ஆம் ஆண்டில் வற்புறுத்தியும் கூறினார். ஒருவர் வசதிக்காகப் போட்ட கோட்டைப் பின்வந்தோர் மதிற்சுவராக எழுப்பிவிட்டனர்.

பூசலின் மறுதரப்பும் ஒரு கடிதத்திலிருந்தே தொடங்குகிறது. கார்ல் பியர்சனின் மைந்தர் ஈகன் பியர்சன் 1926ஆம் ஆண்டில் காசெட்டுக்குத் தம் ஐயங்களை எழுதினார். காசெட்டின் மறுமொழி ஒரு புதிய வாயிலைத் திறந்தது. ஒரு கருத்தின்படி நிகழ்ச்சி மிக அரிது என்பதனால் மட்டுமே அதனைத் தள்ளிவிட முடியாது. அந்நிகழ்ச்சியை அதனினும் நன்கு விளக்கும் மாற்றுக் கருத்து ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விதையை எடுத்துக்கொண்டு ஈகன் பியர்சனும், போலந்திலிருந்து வந்து அவருடன் நட்புக்கொண்ட ஜெர்சி நெய்மனும் உழைத்தனர். நெய்மன் வார்சாவுக்குத் திரும்பிய பின்னர் அவர்களது கூட்டுழைப்பின் பெரும்பகுதி அஞ்சல் வழியாகவே நடந்தது. 1928ஆம் ஆண்டிலும் 1933ஆம் ஆண்டிலும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளில் மாற்றுக் கருதுகோளும் இரு வகைப் பிழைகளும் முறையாக இடம்பெற்றன.

மெய்யான இன்மைக் கருதுகோளைத் தள்ளுவது முதல் வகைப் பிழை. பொய்யானதைத் தள்ளாது விடுவது இரண்டாம் வகைப் பிழை. ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன் செய்தது முதல் வகை. உண்மைக் கள்வனான பொற்கொல்லன் அதுவரை தப்பித் திரிந்தது இரண்டாம் வகை. ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றொன்று கூடும். எந்தப் பிழைக்கு எவ்வளவு இடம் தருவது என்பதை ஆய்வைத் தொடங்குமுன்னரே முடிவு செய்துவிட்டு, பின்னர் அவ்விதியின்படி நடக்க வேண்டும் என்பது நெய்மன், பியர்சன் கொள்கை. பிஷருக்கோ, சோதனை என்பது ஒரு கருத்துக்கு எதிரான சான்றின் வலிமையை எடைபோடுவது. தீர்ப்பளித்து வழக்கை முடிப்பதன்று. தொழிற்சாலையில் சரக்கைத் தரம்பிரித்துத் தள்ளுவதற்கு நெய்மனின் முறை பொருந்தலாம், அறிவியலுக்குப் பொருந்தாது என்று அவர் 1955ஆம் ஆண்டிலும் எழுதினார்.

கார்ல் பியர்சன் 1933ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது இலண்டன் கல்லூரியில் அவர் துறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றுக்குப் பிஷர் தலைவரானார். மற்றொன்றுக்கு ஈகன் பியர்சன் தலைவரானார். அடுத்த ஆண்டில் நெய்மனும் வந்து சேர்ந்தார். ஒரே கட்டடத்தில் பணியாற்றிய இரு சாராரும் பொது அறைக்குத் தேநீர் அருந்த வெவ்வேறு நேரங்களில் வந்து போயினராம். தேநீரால் தொடங்கிய கலையைத் தேநீர் வேளையும் சேர்த்துவைக்கவில்லை. 1938ஆம் ஆண்டில் நெய்மன் அமெரிக்காவின் பெர்க்கிலிக்குச் சென்றார். பூசல் கடல் கடந்தும் ஓயவில்லை.

பிஷரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவது முறையாகாது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்று டாலும் ஹில்லும் 1950ஆம் ஆண்டிலிருந்து காட்டி வந்த சான்றுகளை அவர் ஏற்கவில்லை. புகைக்குழாயைப் பிடித்தவர் அவர். புகையிலைத் தொழிலாருக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஐயத்தை அளக்கக் கற்பித்தவர், அளவுக்கு மிஞ்சி ஐயுற்ற நிகழ்ச்சி அது.

இப்பூசல் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கல்வித் துறையினருக்கும் உளவியல் துறையினருக்கும் உரிய பாடநூல்கள் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கின. லிண்ட்குவிஸ்ட் 1940ஆம் ஆண்டிலும் கில்ஃபர்டு 1942ஆம் ஆண்டிலும் எழுதிய நூல்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆசிரியர்க்கு எளிய செய்முறை வேண்டியிருந்தது. பிஷரிடமிருந்து இன்மைக் கருதுகோளும் நிகழ்தகவு மதிப்பும் எடுக்கப்பட்டன. நெய்மனிடமிருந்து மாற்றுக் கருதுகோளும் இரு பிழைகளும் முன்கூட்டி வகுத்த எல்லையும் எடுக்கப்பட்டன. எல்லாம் ஒரே சமையற்குறிப்பாகக் காலப்போக்கில் அமைந்துவிட்டன. ஊர், பேர் நீங்கிய இந்தக் கலவையைத்தான் ‘புள்ளியியல் கூறுகிறது’ என்று மாணவர் இன்று படிக்கின்றனர்.

விளைவு என்ன? ஹாலர், கிராஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் ஜெர்மனியின் ஆறு பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு சோதனை முடிவைக் கொடுத்து, அதைப் பற்றிய ஆறு கூற்றுகள் சரியா தவறா என்று கேட்டனர். ஆறும் தவறானவை. மாணவர் அனைவரும் குறைந்தது ஒரு கூற்றையேனும் சரியென்றனர். அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுள்ளும் 80 விழுக்காட்டினர் அவ்வாறே பிழைபட்டனர். நிகழ்தகவு மதிப்பு 1 விழுக்காடு என்றால், இன்மைக் கருதுகோள் மெய்யாக இருக்க 1 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வது அப்பிழைகளுள் ஒன்று. அது பிரிஸ்டல் அம்மையாருக்குத் திறனில்லாதிருக்க 1.4 விழுக்காடுதான் வாய்ப்பு என்று சொல்வதற்கு ஒப்பாகும். அந்த எண், திறனில்லை என்று வைத்துக்கொண்ட பின்னர்க் கணக்கிடப்பட்டது என்பது அங்கே மறந்துபோகிறது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016ஆம் ஆண்டில் நிகழ்தகவு மதிப்பைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட நேர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து 800க்கும் மேற்பட்ட அறிவியலாளர், ஐந்து விழுக்காட்டை உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோடாகக் கொள்வதைக் கைவிட வேண்டுமென்று கையொப்பமிட்டனர்.

இனித் தொலைநிலைக் கல்விக்கு வருவோம். பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதே ஆண்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் புறவளாகக் கல்வியைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, பின்னர்க் கணினி என்று ஊடகம் மாறிக்கொண்டே வந்தது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தொடங்கிய இயங்கலைக் கல்வித் திட்டத்தில் தொடக்கநிலைப் புள்ளியியல் முன்வரிசைப் பாடங்களுள் ஒன்றாக இருந்தது. மாணவன் விடை தவறினால் கணினி குறிப்புத் தந்து திருத்தும்வண்ணம் அப்பாடம் அமைக்கப்பட்டது.

இப்படிக் கற்பது வகுப்பறையில் கற்பதற்கு ஈடாகுமா என்னும் கேள்வி எழுந்தது. அக்கேள்வியைச் சோதிக்கப் பிஷரின் முறையே கைக்கொள்ளப்பட்டது. 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆறு அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் 605 மாணவர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான வகுப்பறையில் புள்ளியியல் பயின்றனர். மறுபிரிவினர் கார்னகி மெலன் பாடத்தைக் கணினியில் பயின்று, வாரத்திற்கு ஒரு மணி நேரம் மட்டும் ஆசிரியரைச் சந்தித்தனர். எட்டுக் கோப்பைகளின் இடத்தில் 605 மாணவர்கள்.

2012ஆம் ஆண்டு மே மாதம் முடிவு வெளிவந்தது. தேர்ச்சியிலும் இறுதித் தேர்விலும் பொதுச் சோதனையிலும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கணினிவழி கற்றோர் ஏறத்தாழக் கால்பங்கு நேரத்தைக் குறைவாகச் செலவிட்டனர். வேறுபாடு காணப்படவில்லை என்பது வேறு, வேறுபாடு இல்லை என்பது வேறு. எட்டுக் கோப்பை போன்ற சிறிய ஆய்வானால் இதிலிருந்து ஒன்றும் சொல்ல இயலாது. ஆய்வாளர் இதனை உணர்ந்தே தம் மதிப்பீடு எவ்வளவு துல்லியமானது என்பதையும் சேர்த்துக் காட்டினர். பெரிய வேறுபாடு ஒன்று மறைந்திருக்க இடமில்லை என்ற அளவுக்கு அது துல்லியமாக இருந்தது. ஆயினும் இரு முறைகளும் சமமாக நன்மை தருகின்றன என்று மகிழ்வதற்குமுன் மற்றோர் எண்ணையும் காண வேண்டும். அவர்கள் பயன்படுத்திய அதே பொதுச் சோதனையை 20 கல்வி நிலையங்களின் 763 மாணவர்களுக்கு வைத்துப் பார்த்த வேறோர் ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளிவந்திருந்தது. பாடம் தொடங்குமுன் அம்மாணவர்களின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 45 விழுக்காடு; ஒரு பருவம் முழுவதும் படித்த பின்னர் 54.

ஒன்பது புள்ளிகளே ஏறின. சூத்திரத்தில் எண்களை இட்டு விடை காண்பதை அச்சோதனை கேட்பதில்லை; விடையின் பொருள் என்ன என்பதையே கேட்கிறது. காசெட் தமக்கு விளங்கவில்லை என்று எழுதியபோது அதனைப் படித்து மறுமொழி எழுத ஒருவர் இருந்தார். ஈகன் பியர்சன் ஐயுற்றபோது காசெட் இருந்தார். கார்னகி மெலன் பாடத்தில் கணினியின் குறிப்புகளும் வாரத்திற்கு ஒரு மணி நேரமும் அவ்விடத்தில் இருந்தன. அதே பாடத்தின் இறுதிப் பகுதியில்தான் கருதுகோள் சோதனை வருகிறது. தம்மைப் பற்றி அவ்வறிக்கை கூறிய ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை’ என்னும் தொடரை எப்படிப் படிப்பது என்பதே, கணினிவழி பயின்ற அந்த மாணவர்கள் கடைசி வாரங்களில் கற்ற பாடம்.